விதிகள் ஒவ்வொன்றாக விழுந்தன: நவீன ஓவியத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

1897இல் ஸ்பெயினில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமும் இரண்டரை மீட்டர் அகலமும் கொண்ட கேன்வாஸில் ஒரு நோயாளியின் அறையை வரைந்தான். கட்டிலில் ஒரு பெண். பக்கத்தில் உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டர். மறுபக்கம் இடுப்பில் குழந்தையோடு நின்று கோப்பையை நீட்டும் கன்னியாஸ்திரி. போர்வையின் மடிப்பு, அறையின் மங்கல் வெளிச்சம், நோயாளியின் சோர்ந்த கை எல்லாம் அச்சு அசல். ‘அறிவியலும் கருணையும்’ என்று படத்துக்குப் பெயர். டாக்டருக்கு மாடலாக உட்கார்ந்தவர் பையனின் அப்பா, ஓவிய ஆசிரியர்.

சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1907இல், அதே பையன் பாரிஸில் இன்னொரு பெரிய படம் வரைந்தான். அதில் ஐந்து பெண்கள். உடம்பெல்லாம் கூர்கூரான தளங்கள். மூக்குகள் பக்கவாட்டில் திரும்பியிருக்கின்றன, கண்கள் நேராகப் பார்க்கின்றன. வலப்பக்கம் இருக்கும் இருவருக்கு முகம் இருக்கவேண்டிய இடத்தில் முகமூடி. ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ என்ற அந்தப் படத்தைப் பார்த்து அவனுடைய நண்பர்களே முகம் சுளித்தார்கள். அந்தப் பையன்தான் பாப்லோ பிக்காசோ.

‘இவர்களுக்கு ஒழுங்காக வரையத் தெரியாது, அதனால்தான் இப்படி’ என்ற சந்தேகத்துக்கு இந்த இரண்டு படங்களே போதுமான பதில். ஆனால் அடுத்த கேள்வி அப்படியே நிற்கிறது. வரையத் தெரிந்தவர் எதற்காக இப்படி வரையவேண்டும்?

பிக்காசோவிலிருந்து ஆரம்பித்தால் இதற்கு விடை கிடைக்காது. அவருக்கு அறுபது வருஷம் முன்னால் போகவேண்டும். பழைய விதிகளை யாரும் ஒரே நாளில் மொத்தமாக உடைக்கவில்லை. ஒவ்வொரு ஓவியரும் ஒன்றிரண்டு விதிகளைக் கைவிட்டார், மற்றவற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். அடுத்து வந்தவர் அங்கிருந்து தொடர்ந்தார். எது போனது, எது தங்கியது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் நவீன ஓவியத்தின் மீதுள்ள பயத்தில் பாதி போய்விடும்.

என்ன விதிகள்?

முதல் விதி இத்தாலியிலிருந்து வந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளோரன்ஸ் நகரக் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி ஒரு செய்முறையைக் காட்டினார். 1435இல் அல்பெர்த்தி அதை நூலாக எழுதினார். ஓவியம் என்பது திறந்த ஜன்னல் மாதிரி இருக்கவேண்டும். அதன் வழியாக உலகத்தைப் பார்க்கிறோம். தரையின் கோடுகள், சுவரின் கோடுகள் எல்லாம் தொலைவில் ஒரே புள்ளியை நோக்கி ஓடவேண்டும். இதைத்தான் பெர்ஸ்பெக்டிவ் என்கிறோம். தட்டையான பரப்பில் ஆழத்தைக் காட்டும் வித்தை இது. மனிதனின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

இதோடு ஒளியும் நிழலும் சேர்ந்தன. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மெதுவாக, இடைச் சாயல்கள் வழியாக இறங்கினால் உருவம் உருண்டு திரண்டு நிற்கும். அப்புறம் வழவழப்பு. தூரிகை போன தடமே தெரியக்கூடாது. ஓவியரின் உழைப்பு கண்ணில் பட்டால் ஜன்னல் மாயம் கலைந்துவிடும்.

இவற்றையெல்லாம் சட்டமாக்கியது பிரான்ஸ். 1648இல் பாரிஸில் அரச ஓவிய, சிற்ப அகாடமி தொடங்கப்பட்டது. அங்கே எப்படி வரைவது என்பதோடு எதை வரைவது என்பதற்கும் படிநிலை வகுத்தார்கள். புராணம், விவிலியம், சரித்திரம் ஆகியவற்றின் பெரிய காட்சிகள் உச்சியில். அதற்குக் கீழே உருவப்படம். அதற்கும் கீழே அன்றாட வாழ்க்கைக் காட்சி, நிலக்காட்சி. கடைசியில் பழமும் பூவும் பாத்திரமும். மாணவன் முதலில் அச்சுப்படங்களைப் பார்த்து வரைவான். பிறகு கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளை. பிறகுதான் உயிருள்ள மனிதரை. வண்ணம் அதற்கும் பிறகு. படிப்பு முடிந்தால் சலோன் என்ற அரசுக் கண்காட்சியில் இடம் கிடைக்கவேண்டும். நடுவர் குழு மறுத்துவிட்டால் வாங்குவதற்கு ஆளில்லை. 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியருக்கு விதியை மீறுவது என்றால் வருமானத்தையும் பணயம் வைப்பது என்று அர்த்தம்.

முதலில் போனது: எதை வரைவது

குஸ்தாவ் கூர்பே கிழக்கு பிரான்சில் ஒர்னான் என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊரில் நடந்த ஒரு சவ அடக்கத்தை 1849–50இல் வரைந்தார். குழி தோண்டியவர், பாதிரியார், கறுப்பு உடை உடுத்திய பெண்கள், ஒரு நாய். படத்தின் அகலம் ஆறரை மீட்டருக்கும் மேல். ஆட்கள் ஏறக்குறைய ஆளுயரம். பிரச்சினையே அந்த அளவுதான். அவ்வளவு பெரிய கேன்வாஸ் மன்னர்களுக்கும் வீரர்களுக்கும் உரியது. அதில் பெயர் தெரியாத கிராமத்து ஆட்களை நிறுத்திவிட்டார் கூர்பே. யாரையும் அழகுபடுத்தவும் இல்லை. வரைந்த முறையில் புரட்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒளியும் நிழலும் பழைய பாணிதான். ஆனால் படிநிலை ஆட்டம் கண்டுவிட்டது. 1855இல் உலகக் கண்காட்சியின் நடுவர்கள் அவருடைய பெரிய படங்களை மறுத்தபோது, பக்கத்திலேயே சொந்தமாகக் கொட்டகை போட்டுக் காட்டினார்.

அடுத்தவர் எடுவார் மானே. 1863 சலோனில் பாதிக்கும் மேற்பட்ட படங்கள் மறுக்கப்பட்டு, ஓவியர்கள் கூச்சல் போட, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் மறுக்கப்பட்டவற்றுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்த உத்தரவிட்டார். அதில் வந்தது மானேயின் ‘புல்வெளியில் மதிய உணவு’. கோட்டு சூட்டு போட்ட இரண்டு ஆண்கள். அவர்களோடு உட்கார்ந்து நம்மை நேராகப் பார்க்கும் நிர்வாணப் பெண். ஊர் கொதித்தது. வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம் அலெக்சாந்தர் கபனேல் வரைந்த ‘வீனஸின் பிறப்பு’ படத்திலும் ஒரு நிர்வாணப் பெண் அலை மேல் படுத்திருக்கிறாள். அதைப் பேரரசரே விலை கொடுத்து வாங்கினார். தேவதை என்று பெயர் வைத்துவிட்டால் உடை தேவையில்லை என்பது எழுதாத விதி. மானே அந்தப் பெயரைத்தான் எடுத்துவிட்டார்.

இன்னொன்றும் செய்தார். இதைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். இடைச் சாயல்களைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார். 1865இல் காட்டப்பட்ட ‘ஒலிம்பியா’வில் அந்தப் பெண்ணின் உடம்பு ஏறக்குறைய ஒரே வெளிர் நிறம், ஓரத்தில் கறுத்த கோடு. ஜன்னலின் ஆழம் குறைந்து படம் தட்டையாகத் தொடங்குவது இங்கேதான். ஆனால் அந்த உருவம் படுத்திருக்கும் விதம் 1538இல் இத்தாலிய ஓவியர் தித்தியன் வரைந்த வீனஸிடமிருந்து எடுத்தது. பழையவர்களைக் கரைத்துக் குடித்தவர் மானே.

நடுவில் வேறு என்னவெல்லாம் நடந்தது?

1839இல் புகைப்படம் பொதுமக்களுக்கு அறிமுகமானது. ‘கேமரா வந்தது, அதனால் ஓவியர்கள் வேறு வேலை தேடினார்கள்’ என்று சுருக்கமாகச் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. உருவப்படத் தொழிலைக் கேமரா உண்மையிலேயே அடித்தது. ஆனால் அந்தக் காலக் கேமராவுக்கு நிறம் தெரியாது. நிறத்தோடு போட்டியே இல்லை. என் கணக்கில் அதைவிடப் பெரிய விஷயம் 1841இல் வந்த ஒரு சின்னப் பொருள்: அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் காப்புரிமை வாங்கிய வண்ண ட்யூப். அதுவரை கலக்கிய வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டிவைத்தார்கள்; பிரித்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். ட்யூபைப் பையில் போட்டுக்கொண்டு வயலுக்கும் கடற்கரைக்கும் போய், படத்தை அங்கேயே வரைந்து முடிக்கலாம். 1850களில் ஜப்பான் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தபின் அங்கிருந்து வந்த மர அச்சுப்படங்களும் சேர்ந்துகொண்டன. அவற்றில் நிழலே இல்லை. ஆட்கள் ஓரத்தில் பாதியாக வெட்டுப்படுகிறார்கள். நிறம் தட்டையாக நிரம்பியிருக்கிறது. அப்படியும் படம் அழகாக இருந்தது. ஐரோப்பிய விதிகள் இல்லாமலே ஓவியம் நடக்கும் என்பதற்குக் கையில் கிடைத்த சாட்சி அது.

வழவழப்பு போனது

க்ளோத் மோனே. மானே வேறு, மோனே வேறு; அன்றைய பாரிஸிலேயே இருவரையும் குழப்பிக்கொண்டார்கள் என்பதால் நீங்கள் குழம்பினாலும் தப்பில்லை.

1860களின் கடைசியில் மோனே ஒரு பனிக்காலக் காட்சி வரைந்தார். வேலிப்படலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவை, பனிமேல் விழும் வேலியின் நிழல். அந்த நிழல் நீலமாக இருக்கிறது. நிழல் என்றால் பழுப்போ கறுப்போ என்று பழகிய கண்ணுக்கு அது ஒத்துவரவில்லை. 1869 சலோன் அந்தப் படத்தை மறுத்தது. ஆனால் வெயில் அடிக்கும் பனியில் நிழலை உற்றுப் பார்த்தால் அது நீலம்தான், ஏனென்றால் அங்கே விழுவது வானத்தின் வெளிச்சம். மோனே விதியைப் பார்க்காமல் பனியைப் பார்த்தார்.

1874 ஏப்ரலில் மோனே, ரெனுவார், தெகா, பிஸாரோ, பெர்த் மோரிசோ உள்ளிட்ட பலர் சலோனை ஒதுக்கிவிட்டு, புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டுடியோவில் சொந்தமாகக் கண்காட்சி வைத்தார்கள். அங்கே ல ஆவ்ர் துறைமுகத்தின் விடியலை மோனே வரைந்த படமும் இருந்தது. ‘மனப்பதிவு, சூரிய உதயம்’ என்ற அதன் தலைப்பைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்ற விமர்சகர் கிண்டல் செய்ய, மனப்பதிவைக் குறிக்கும் ‘இம்ப்ரெஷன்’ என்ற அந்தச் சொல்லே இம்ப்ரெஷனிசம் என்று நிலைத்தது. தூரிகைத் தடங்கள் அப்பட்டமாகத் தெரியும் படம் அது. காரணம் சோம்பல் அல்ல, அவசரம். விடியல் வெளிச்சம் சில நிமிஷம்தான் நிற்கும். வழவழப்பாக இழைத்துக்கொண்டிருந்தால் வரைய வந்த விஷயமே போய்விடும். எனவே வழவழப்பை விட்டார், வெளிச்சத்தைப் பிடித்தார்.

அந்தப் படத்தை ஃபோனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஆரஞ்சுச் சூரியனும் சுற்றியிருக்கும் சாம்பல் நீல வானமும் ஒரே அளவு வெளிச்சம் கொண்டவை. நிறம் மட்டும்தான் அங்கே சூரியனைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஒளி நிழலால்தான் உருவம் வரும் என்ற பழைய பாடத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பு எனக்குத் தெரியாது. 1890களில் அவர் வைக்கோல் போர்களையும் ரூவான் தேவாலயத்தையும் வெவ்வேறு நேரங்களில் திரும்பத் திரும்ப வரைந்தார். அங்கே வைக்கோல் போர் வெறும் சாக்கு, படத்தின் நாயகன் வெளிச்சம்.

நிறம் பொருளை விட்டு விலகியது

மோனே கண்ணுக்கு விசுவாசமாக இருந்தார். அடுத்த தலைமுறைக்கு அதுவும் போதவில்லை. 1888இல் தென் பிரான்சில் ஆர்ல் நகரத்தில் வான்கோ ஓர் இரவு விடுதியை வரைந்தார். சுவர் ரத்தச் சிவப்பு, கூரை பச்சை, விளக்குகளைச் சுற்றி மஞ்சள் வளையங்கள். மனிதனின் பயங்கரமான உணர்ச்சிகளைச் சிவப்பையும் பச்சையையும் மோதவிட்டுச் சொல்லப் பார்த்தேன் என்று தம்பி தியோவுக்கு எழுதினார். நிறம் இங்கே பொருளின் நிறமாக இல்லாமல் மனநிலையின் நிறமாகிவிட்டது. ஆனால் தரையைப் பாருங்கள். பலகைக் கோடுகள் விறுவிறுவென்று பின்னால் ஓடுகின்றன. பெர்ஸ்பெக்டிவை வான்கோ விடவில்லை. அதை முடுக்கியே அந்த அறையைக் கலவரமாக்கியிருக்கிறார்.

அதே வருஷம் பால் கோகன் பிரித்தானி பகுதிப் பெண்கள் பிரசங்கம் கேட்டபின் காணும் காட்சியை வரைந்தார். புல் முளைக்கவேண்டிய நிலம் முழுக்கச் சிவப்பு. படத்தை ஒரு தேவாலயத்துக்குக் கொடுக்கப் போனார், பாதிரியார் வேண்டாமென்றுவிட்டார். 1890இல், பத்தொன்பது வயது ஓவியர் மோரிஸ் தெனி ஒரு கட்டுரையில், படம் என்பது போர்க்குதிரையாகவோ பெண்ணாகவோ கதையாகவோ ஆவதற்கு முன்னால், ஒரு வரிசையில் அடுக்கிய வண்ணங்கள் மூடிய தட்டைப் பரப்பு என்று எழுதினார். ஜன்னல் மூடியாகிவிட்டது.

1905இல் ஹென்றி மத்தீஸ் தன் மனைவியைத் தொப்பியோடு வரைந்தார். முகத்தில் பச்சை, மஞ்சள், ஊதா. லூயி வோக்செல் என்ற விமர்சகர் மத்தீஸையும் அவரோடு சேர்ந்த ஓவியர்களையும் காட்டு மிருகங்கள் என்றார். அதைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்; உட்கார்ந்திருக்கும் விதமெல்லாம் பழைய உருவப்படத்தின் மரியாதையான தோரணை. நிறம் மட்டும்தான் கட்டவிழ்ந்து ஓடுகிறது.

ஒற்றைக் கண்ணின் ஆட்சி முடிந்தது

இவர்கள் எல்லோரிலும் மெதுவாக வேலை செய்தவர் பால் செசான். பெரிய உடைப்பு அவருடையதுதான் என்பது என் கட்சி. 1893 வாக்கில் அவர் வரைந்த ‘ஆப்பிள் கூடை’ இப்போது சிகாகோவில் இருக்கிறது. ஒரு மேசை, கூடையிலிருந்து சரியும் ஆப்பிள்கள், கசங்கிய துணி, ஒரு பாட்டில், தட்டில் பிஸ்கட்டுகள். பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்று படும். மேசையின் முன் விளிம்பைத் துணிக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் பிடித்துப் பாருங்கள்: இரண்டும் ஒரே கோட்டில் சேரவில்லை. பாட்டில் சாய்ந்திருக்கிறது. பிஸ்கட்டுகளில் கீழே இருப்பவை பக்கவாட்டிலிருந்து தெரிகின்றன, மேலே இருப்பவை நம் பக்கம் கவிழ்ந்து வருகின்றன.

கவனக் குறைவா? அவ்வளவு நிதானமாக வேலை செய்த மனிதரிடம் அது நம்பத்தக்கதல்ல. பெர்ஸ்பெக்டிவ் ஒரு நிபந்தனை போடுகிறது: பார்ப்பவருக்கு ஒரே கண், அதுவும் அசையாமல் ஒரே இடத்தில். அப்படி யாரும் பார்ப்பதில்லை. இரண்டு கண், தலை அசையும், ஆப்பிளைப் பார்த்துவிட்டுத் துணியைப் பார்த்து, மறுபடி ஆப்பிளுக்கு வருவதற்குள் நாம் கொஞ்சம் நகர்ந்திருப்போம். அந்த நகர்தலை அப்படியே கேன்வாஸில் விட்டுவைத்தார் செசான். உருவத்தின் கனத்தை மட்டும் அவர் விடவில்லை. அந்த ஆப்பிள்களுக்கு எடை இருக்கிறது. இயற்கையை உருளை, கோளம், கூம்பு வழியாகக் கையாளச் சொல்லி 1904இல் இளம் ஓவியர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது.

செசான் 1906இல் இறந்தார். மறு வருஷம் பாரிஸில் அவருடைய படங்களுக்குப் பெரிய நினைவுக் கண்காட்சி நடந்தது. பிக்காசோ ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ வரைந்ததும் அதே 1907தான். ஸ்பெயினின் பழைய ஐபீரியச் சிற்பங்களும் ஆப்பிரிக்க முகமூடிகளும் அப்போது அவரை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தன. ஒரே முகத்தில் பக்கவாட்டு மூக்கும் நேர்ப் பார்வைக் கண்ணும் வந்தது எப்படி என்று இப்போது புரியும்: மேசை விளிம்பில் செசான் மெதுவாகச் செய்ததை மனித முகத்தில் முரட்டுத்தனமாகச் செய்துவிட்டார். படம் பொதுமக்கள் முன் வர 1916 வரை ஆனது. 1908இலிருந்து ஜார்ஜ் ப்ராக்கும் அவரும் சேர்ந்து, கிதாரையும் பாட்டிலையும் மனிதரையும் பல பக்கங்களிலிருந்து ஒரே நேரத்தில் காட்டும் க்யூபிசத்தை வளர்த்தார்கள். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் படங்களில் நிறம் ஏறக்குறைய இல்லை. பழுப்பு, சாம்பல் மட்டும். ஒளி நிழல் சாயல்கள் மட்டும் அகாடமி முறையில் நுணுக்கமாக இருக்கின்றன. வடிவத்தை உடைக்கும்போது நிறத்தை அடக்கி வைத்தார்கள். மத்தீஸ் செய்ததற்கு நேர் எதிர்.

1912இல் பிக்காசோ நாற்காலிப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியைக் கேன்வாஸில் ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டினார். வரைவதே ஓவியம் என்ற விதியும் அத்தோடு போனது.

பொருளே இல்லாமல்

மிச்சம் இருந்தது ஒன்றுதான்: படம் எதையாவது காட்டவேண்டும். சட்டம் படித்த ரஷ்யரான வாசிலி காண்டின்ஸ்கி 1896இல் மாஸ்கோவில் மோனேயின் வைக்கோல் போர் ஒன்றைப் பார்த்தார். கண்காட்சிப் பட்டியலைப் பார்க்கும்வரை அது வைக்கோல் என்றே அவருக்குத் தெரியவில்லை. படம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. பாட்டு எந்தப் பொருளையும் போலச்செய்யாமலே நம்மை உருக்குகிறதே, வண்ணத்தால் ஏன் முடியாது என்பது அவர் கேள்வி. 1910க்குப் பிறகு அவருடைய படங்களில் மலையும் குதிரை வீரனும் கரைந்துகொண்டே போய், கடைசியில் வண்ணமும் கோடும் மட்டும் நின்றன. ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் க்ளிண்ட் என்ற பெண் 1906இலேயே அரூப ஓவியங்களைத் தொடங்கிவிட்டார். ஆனால் தன் மரணத்துக்குப் பிறகு இருபது வருஷம் அவற்றைக் காட்டக்கூடாது என்று சொல்லிவைத்ததால் வரலாறு அவரைத் தாமதமாகத்தான் சேர்த்துக்கொண்டது. 1915இல் ரஷ்யாவின் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஓவியர் மாலெவிச் வெறும் கறுப்புச் சதுரத்தை மாட்டினார். ரஷ்ய வீடுகளில் புனிதர் படம் வைக்கும் மேல் மூலையில். எதைத் துறந்தாலும் புனித இடத்தை அவர் துறக்கவில்லை.

டச்சுக்காரரான மோந்த்ரியானின் பாதையைத்தான் ஆரம்ப வாசகர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன், ஏனென்றால் அவர் ஒவ்வொரு படியையும் படமாக விட்டுப்போயிருக்கிறார். முதலில் ஒரு சிவப்பு மரம்; அது மரம் என்று குழந்தைக்கும் தெரியும். 1911இல் சாம்பல் மரம், கிளைகள் வளைகோடுகளாகிவிட்டன. 1912இல் பூத்த ஆப்பிள் மரம். மரம் போய் வளைவுகளின் வலை மட்டும். 1920களில் வளைவும் போய்விட்டது: கறுப்புக் கோடுகள், வெள்ளை, அதோடு சிவப்பு, நீலம், மஞ்சள்.

அவ்வளவு தூரம் வந்தவர் தனக்கென்று போட்டுக்கொண்ட விதி அகாடமியின் விதிகளைவிடக் கண்டிப்பானது. கோடு படுக்கையாக இருக்கலாம், நிமிர்ந்து நிற்கலாம், சாயக்கூடாது. கூட்டாளி தியோ வான் துஸ்பர்க் சாய்ந்த கோடுகளைக் கொண்டுவந்தபோது, 1920களின் நடுவில், இருவரும் சேர்ந்து நடத்திய இயக்கத்தைவிட்டு மோந்த்ரியான் விலகிவிட்டார். மூலை மேலே வரும்படி வைர வடிவில் அவர் மாட்டிய படங்கள் பல உண்டு. அவற்றில் கேன்வாஸ்தான் சாய்ந்திருக்கும், கோடுகள் நேராகவே நிற்கும்.